கை இறுகிப்போனவர்களுக்கு ஸ்கெட்சா, சோதனைப் புகைப்படமா?

வரையத் தெரிந்தவர்களுக்கும் படம் எடுக்கத் தெரிந்தவர்களுக்கும் ஒரு கட்டத்தில் இந்தச் சிக்கல் வருகிறது. வேலை சுத்தமாக இருக்கிறது. கோடு போக வேண்டிய இடத்துக்குப் போகிறது, ஃபோகஸ் விழ வேண்டிய இடத்தில் விழுகிறது. ஆனால் தொடங்கும் முன்பே முடிவு தெரிந்துவிடுகிறது. புது ஸ்கெட்ச் புத்தகத்தின் முதல் பக்கம் வாரக்கணக்கில் வெள்ளையாகவே கிடக்கிறது. வெளிச்சம் சரியில்லை என்று கேமரா பையை விட்டு வெளியே வருவதில்லை. இதற்கு மருந்தாகப் பெரும்பாலும் இரண்டு வழிகளைச் சொல்வார்கள்: கவலைப்படாமல் வேகமாக ஸ்கெட்ச் போடுங்கள், அல்லது கேமராவை வைத்துக்கொண்டு விளையாடுங்கள். இரண்டுமே நல்ல வழிகள்தான். எல்லோருக்கும் ஒரே மாதிரி பலிப்பதில்லை, அவ்வளவுதான். வாரத்தில் இரண்டு மூன்று மணி நேரம்தான் கிடைக்கும் என்றால், அதை எதில் செலவிடுவது என்று யோசித்தே ஆக வேண்டும்.

என் கணிப்பில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். உள்ளே உட்கார்ந்து திருத்திக்கொண்டே இருக்கும் அந்த வாத்தியார், உங்கள் விஷயத்தில் எப்போது வாய் திறக்கிறார்? சிலருக்குக் கை அசையும்போதே திருத்தம் வந்துவிடுகிறது. சிலருக்கு வேலை நடக்கும்போது ஒன்றும் இல்லை, முடித்துவிட்டுப் பார்க்கும்போதுதான் எல்லாம் குப்பையாகத் தோன்றுகிறது. இன்னும் சிலருக்குத் தொடங்குவதற்கு முன்பே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. ஒவ்வொரு வழியும் இந்த வாத்தியாரை வெவ்வேறு இடத்தில் மடக்குகிறது. செலவு, கருவி, திறமை எல்லாம் அதற்கு அடுத்த கேள்விகள்.

புகைப்படக்கலையின் பிறப்பிலேயே இந்தத் தேர்வு இருக்கிறது. 1833 அக்டோபரில் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் என்ற ஆங்கிலேய அறிஞர், கேமரா லூசிடா என்ற முப்பட்டகக் கருவியை வைத்துக்கொண்டு எதிரே தெரிந்த காட்சியை வரைய முயன்றார். காட்சி தாளின் மேல் விழுந்திருப்பதுபோல் அந்தக் கருவி காட்டும், பென்சிலால் அதன் மேல் ஓட்டினால் போதும். அப்படியும் வந்தது அவருக்கே பிடிக்கவில்லை. இந்த உருவங்கள் தாமாகவே தாளில் பதிந்தால் எப்படி இருக்கும் என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது. 1839-இல் தன் முறையை உலகுக்கு அறிவித்தார். அவருடைய நண்பர் ஜான் ஹெர்ஷலோ அதே கேமரா லூசிடாவில் மிக நேர்த்தியாக வரைபவர். வெயிலில் காட்டிய தாளில் நீல நிறப் படம் பதிக்கும் சயனோடைப் முறையை 1842-இல் கண்டறிந்தவரும் அவரே. டால்பட்டுக்குக் கை வராத இடத்தில் ஒளி வந்தது. ஹெர்ஷலுக்குக் கையும் வந்தது, ஒளியும் வந்தது.

கதையில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் மூன்றாமவர். ஆங்கிலேயத் தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் நன்றாக வரையக்கூடியவர். தன் தந்தை மொழிபெயர்த்த அறிவியல் நூல் ஒன்றுக்குச் சிப்பிகளை நுணுக்கமாக வரைந்து கொடுத்தவர். அப்படிப்பட்டவர் கடற்பாசிகளைப் பதிவு செய்ய வந்தபோது, இவ்வளவு நுண்ணியவற்றைத் துல்லியமாக வரைவது கடினம் என்று சொல்லி, 1843-இல் பாசிகளை நேரடியாகச் சயனோடைப் தாளின் மேல் வைத்து வெயிலில் பதித்தார். அவர் தேடியது துல்லியம்தான், தளர்வை அல்ல. ஆனால் வரையத் தெரிந்த ஒருவர் கையை ஒதுக்கிவைத்தபோது கிடைத்த அந்த நீலத் தாள்களில், பாசிகள் மிதப்பதுபோல இருக்கின்றன. கை தேர்ந்தவர்கள் கையை விட்டு விலகுவதில் ஒரு லாபம் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

ஸ்கெட்ச் என்ன செய்கிறது

ஸ்கெட்சில் உங்களுக்கும் தாளுக்கும் நடுவே எதுவும் இல்லை. அதன் பலமும் அதுதான், கஷ்டமும் அதுதான். கோடு விழுந்த நொடியிலேயே கண்ணுக்குத் தெரிகிறது, வாத்தியார் உடனே ஆரம்பித்துவிடுகிறார். அதனால் "சும்மா தளர்வாக வரையுங்கள்" என்ற அறிவுரையால் ஒரு பயனும் இல்லை. தளர்வைக் கட்டளை போட்டு வரவழைக்க முடியாது. திருத்த வழியே இல்லாத ஒரு நிலையை ஏற்படுத்திக்கொண்டால் அது தானாக வரும்.

அந்த நிலையை ஏற்படுத்தும் பயிற்சிகள் பல. தாளைப் பார்க்காமல் வரைவது அவற்றில் முதன்மையானது. பொருளின் விளிம்பில் கண்ணை வைத்து, கண் நகரும் அதே வேகத்தில் பேனாவை நகர்த்த வேண்டும். முடியும்வரை தாளைப் பார்க்கக் கூடாது. இதை வேகமாகச் செய்கிறார்கள் பலர். அது சரியல்ல. நத்தை வேகத்தில் செய்தால்தான் கண்ணும் கையும் ஒன்றோடொன்று பிணையும். வரும் படத்தில் மூக்கு ஓரிடத்திலும் முகம் வேறிடத்திலும் இருக்கும். ஆனால் ஒவ்வொரு துண்டுக் கோடும் உயிரோடு இருக்கும், ஏனென்றால் அதை மனத்திலிருக்கும் 'மூக்கு' வரையவில்லை, எதிரே இருக்கும் மூக்கு வரைந்திருக்கிறது.

இதற்கு நேர் எதிரானது நேரம் குறித்து வரைவது. 30 நொடி, 1 நிமிடம், 2 நிமிடம். இங்கே விளிம்பு முக்கியமில்லை. உடல் எந்தப் பக்கம் சாய்கிறது, எடை எந்தக் காலில் இறங்குகிறது என்பதை மட்டும் பிடிக்க வேண்டும். திருத்த நேரமில்லை என்பதுதான் இதன் பாதுகாப்பு. நின்றுகொண்டு, ஏ3 அளவுத் தாளில், தோளிலிருந்து கையை வீசி வரைந்தால் வித்தியாசம் உடனே தெரியும். மணிக்கட்டிலிருந்து வரும் கோடு எப்போதும் சிறியதாக, ஜாக்கிரதையாக இருக்கும்.

கருவியும் பேசும். பென்சிலைவிட மை சிறந்தது, அழிக்க முடியாது என்பதற்காகவே. பென்சில்தான் வேண்டும் என்றால் 4பி, 6பி போன்ற மென்மையானவற்றை எடுங்கள். எச்பி பென்சில் நுணுக்கத்தை நோக்கியே கையை இழுக்கும். தண்ணீரில் கரையும் மையால் வரைந்து, ஈரத் தூரிகையை மேலே ஓட்டினால் கோடு கலைந்து நிழலாகும். எங்கே எவ்வளவு கலையும் என்பது பாதிதான் உங்கள் கையில் இருக்கிறது. பழக்கமில்லாத கையால் வரைவதும் அப்படித்தான். பழகிய கை பழகிய வளைவுகளைத்தான் போடும், மற்றக் கைக்கு அந்தப் பாடமெல்லாம் தெரியாது.

18ஆம் நூற்றாண்டிலேயே அலெக்சாண்டர் கோசன்ஸ் என்ற ஓவிய ஆசிரியர், தாளில் மைக்கறைகளைப் போடவைத்து அவற்றிலிருந்து நிலக்காட்சிகளை உருவாக்கக் கற்றுக்கொடுத்தார். கறை படிந்த சுவர்களை உற்றுப் பார்த்தால் அவற்றில் மலைகளும் போர்களும் தெரியும் என்று லியனார்டோ டா வின்சி எழுதிவைத்தது அதற்கும் முன்னால். தற்செயலை உள்ளே விடுவது கேமராக்காரர்களின் தனிச்சொத்து அல்ல.

ஸ்கெட்சின் பெரிய ஆபத்து அழகான ஸ்கெட்ச் புத்தகம். தடித்த தாள், தைத்த முதுகு, யாருக்காவது காட்டலாம் என்ற நினைப்பு. இவை சேர்ந்தால் ஒவ்வொரு பக்கமும் கண்காட்சியாகிவிடும். தளர்வு வேண்டும் என்றால் 80 ஜிஎஸ்எம் பிரின்டர் தாள் போதும். உதிரித் தாள்களாகவே வைத்துக்கொள்ளுங்கள். உதிரியாக இருந்தால் கெட்டுப்போன ஒன்று பக்கத்தில் இருப்பதைக் கெடுக்காது.

கேமராவை அசைப்பது, படங்களை அடுக்குவது

சோதனைப் புகைப்படம் என்றதும் பலருக்கு முதலில் தோன்றுவது டிஜிட்டல் கேமராவில் செய்யும் இந்த வேலைகள்தான். ஷட்டர் திறந்திருக்கும்போது கேமராவை வேண்டுமென்றே நகர்த்துவது ஒன்று. கால் நொடி, அரை நொடி இருந்தால் மரங்கள் செங்குத்துத் தூரிகை வீச்சுகளாகிவிடும். பகல் வெயிலில் இது எளிதல்ல. ஒளியுணர்திறனை ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துளையை எஃப்/16 என்று வைத்தால் நல்ல வெயிலுக்கு ஷட்டர் ஏறக்குறைய 1/125 நொடி. அங்கிருந்து கால் நொடிக்கு இறங்க ஐந்து ஸ்டாப் ஒளியைக் குறைக்க வேண்டும் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்), அதாவது 32 மடங்கு தடுக்கும் என்டி ஃபில்டர் தேவை. அந்தி நேரத்தில் ஃபில்டர் இல்லாமலே வேலை நடக்கும். வண்ணப் படத்தில் அசைவை இப்படிப் பயன்படுத்தி 1950களிலேயே புகைப்படக் கலைஞர் எர்ன்ஸ்ட் ஹாஸ் வழிகாட்டியிருக்கிறார்.

இன்னொன்று ஒரே ஃபிரேமில் இரண்டு படங்கள். இரண்டுக்கும் தலா ஒரு ஸ்டாப் குறைவாக ஒளி கொடுக்க வேண்டும். முதல் படத்தின் இருட்டான பகுதியில்தான் இரண்டாவது படம் குடியேறும், வெளுத்த பகுதியில் எதுவும் ஏறாது. இந்த ஒரு விதியைத் தெரிந்துகொண்டால் போதும், பிரகாசமான வானத்துக்கு முன்னால் நிற்கும் ஒரு நிழலுருவத்துக்குள் எதை வேண்டுமானாலும் நிரப்பலாம்.

இவை எல்லாம் சுவையானவை. ஆனாலும் கை இறுகிப்போனவருக்கு முதல் மருந்தாக நான் இதைச் சொல்ல மாட்டேன். காரணம் திரை. எடுத்த உடனே பார்க்கிறோம், பிடிக்கவில்லை, அழிக்கிறோம், மறுபடி எடுக்கிறோம். ஸ்கெட்சில் கோட்டுக்குக் கோடு பேசும் வாத்தியார் இங்கே படத்துக்குப் படம் பேசுகிறார். போதாக்குறைக்கு, 400 படங்களில் நல்ல 3-ஐத் தேர்ந்தெடுக்கும் வேலை வீட்டுக்குக் கூடவே வருகிறது. அது முழுக்க முழுக்கத் தீர்ப்புச் சொல்லும் வேலை, விளையாட்டு அல்ல. தளர்வு தேடி வந்தவர் முன்பைவிட அதிக நேரம் நீதிபதியாகவே உட்கார்ந்திருக்கிறார்.

இதற்குச் சரிசெய்யும் வழி உண்டு. தானாகப் படம் காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். ஒரு நடைக்கு 36 படம் என்று வரம்பு வையுங்கள், ஃபிலிம் ரோலில் இருந்த அளவு. அன்றைக்கே பார்க்காமல் ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். ஃபிலிம் கேமரா கையில் இருந்தால் இந்தக் கட்டுப்பாடுகள் தாமாகவே வந்துவிடும். ஒரு தனித்தன்மையும் இந்த வழிக்கு உண்டு: கை நடுக்கம் உள்ளவர்களுக்கும், பென்சிலை நெடுநேரம் பிடிக்க முடியாதவர்களுக்கும் இது திறந்திருக்கிறது. அங்கே நடுக்கமே கோடாகிவிடுகிறது.

வெயிலும் தாளும்

சோதனைப் புகைப்படத்தில் என் மனம் சாய்வது இந்தப் பக்கம்தான். லென்ஸ் இல்லை, திரை இல்லை. சயனோடைப்புக்கு இரண்டு கரைசல்கள் வேண்டும்: 100 மில்லி தண்ணீரில் 25 கிராம் ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், இன்னொரு 100 மில்லியில் 10 கிராம் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு. இரண்டையும் தனித்தனியே வைத்திருந்து, தேவைப்படும்போது சம அளவில் கலந்து, மங்கிய வெளிச்சத்தில் தாளில் பூசி, இருட்டில் உலர்த்த வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கலக்கும் பாத்திரங்களைச் சமையலுக்குப் பயன்படுத்தாதீர்கள், ஃபெர்ரிசயனைடோடு வலுவான அமிலம் எதுவும் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். சேர்ந்தால் நச்சுவாயு வரும்.

உலர்ந்த தாளின் மேல் இலையோ, சரிகையோ, கிழித்த காகிதமோ, கண்ணாடிக் குவளையோ வைத்து வெயிலில் காட்டினால், பச்சை கலந்த மஞ்சள் மெல்ல நீலமாகி, பிறகு சாம்பல் படியும். நல்ல வெயிலில் 5 முதல் 20 நிமிடம் ஆகலாம். பிறகு தண்ணீரில் அலச, மஞ்சள் கரைந்து போய் நீலம் நிற்கும். அடுத்த ஒரு நாளில் அந்த நீலம் இன்னும் ஆழமாகும்.

இந்த வேலையின் ஒழுங்கைக் கவனியுங்கள். அடுக்கும்போது கைக்கு முழுச் சுதந்திரம், ஆனால் படம் இன்னும் இல்லை. வெயிலில் இருக்கும்போது செய்வதற்கு ஒன்றும் இல்லை. அலசும்போது படம் வருகிறது, ஆனால் திருத்தும் காலம் முடிந்துவிட்டது. வாத்தியார் பள்ளிக்கு வருவதற்குள் மணி அடித்துவிடுகிறது. செய்யும்போதே தன்னைத் திருத்திக்கொண்டு தவிப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். காற்றில் இலை நகர்ந்தால் விளிம்பு மங்கும், தடித்த தண்டின் அடியில் ஒளி கசியும், பூச்சு சீராக இல்லாத இடத்தில் தூரிகைத் தடம் தெரியும். இவை எதுவும் நீங்கள் தீர்மானித்தவை அல்ல, ஆனால் எல்லாம் படத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

பொறுமை இன்னும் அதிகம் உள்ளவர்களுக்கு ஆந்தோடைப் இருக்கிறது. பூ, இலைச் சாறுகளைத் தாளில் பூசி வெயிலில் வெளுக்கவிடுவது. ரசாயனம் வேண்டாம், ஆனால் நாள்கணக்கில், சில சாறுகளுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், படமும் நிலைக்காது. அதற்கும் அப்பால் சோலார்கிராஃப். ஊசித்துளை போட்ட டப்பாவுக்குள் கறுப்பு வெள்ளைப் புகைப்படத் தாளை வைத்து, ஓரிடத்தில் அசையாமல் மாதக்கணக்கில் கட்டிவைப்பது. ஜூன் 21 தொடங்கி டிசம்பர் 21 வரை வைத்தால், சூரியன் நாள்தோறும் போன பாதைகள் வில் வில்லாக அடுக்கி நிற்கும், மேகம் மூடிய நாள்களில் இடைவெளி விழும். டெவலப் செய்யத் தேவையில்லை, எடுத்த உடனே ஸ்கேன் செய்துகொள்ள வேண்டும். அருமையான விஷயம். ஆனால் ஆண்டுக்கு இரண்டு முறை செய்வதை வாராந்தரப் பயிற்சி என்று சொல்ல முடியாது.

இந்த வழிக்கும் ஒரு பொறி உண்டு. இன்னும் ஆழ்ந்த நீலம், இன்னும் சீரான பூச்சு, இந்தத் தாளா அந்தத் தாளா என்று மனம் மெல்ல ஆய்வுக்கூடத்துக்குள் போய்விடும். தளர வந்த இடத்தில் இன்னொரு துல்லியம் முளைக்கும். குறிப்பேட்டில் நிமிடங்களை எழுத ஆரம்பித்தீர்கள் என்றால் சற்றே உஷாராகுங்கள்.

இரண்டையும் சேர்க்கலாமா

சேர்க்கலாம். 1850களில் கோரோ போன்ற பிரெஞ்சு நிலக்காட்சி ஓவியர்கள் செய்துபார்த்த முறை ஒன்று இருக்கிறது. கிளிஷே வேர் என்று பெயர். கண்ணாடித் தகட்டில் ஒளிபுகாப் பூச்சு பூசி, அதில் ஊசியால் கீறி வரைந்து, அதை நெகட்டிவ்போல வைத்து ஒளியுணர் தாளில் பதிப்பது. இன்றைக்கு ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளில் கறுப்பு மார்க்கரால் வரைந்து, சயனோடைப் தாளின் மேல் வைத்தால் போதும். கோடு வெள்ளையாகவும் சுற்றிலும் நீலமாகவும் வரும். வரைந்ததை அப்படியே பார்க்க முடியாமல், தலைகீழ் நிறத்தில், சற்று நேரம் கழித்துத்தான் பார்க்கிறீர்கள். அந்தச் சிறிய தூரம் போதும், சொந்தக் கோட்டை இன்னொருவர் கோடுபோலப் பார்க்க முடிகிறது. ஆனால் முதல் நாளே இதில் இறங்க வேண்டாம். இரண்டு வேலைகளின் கவலையும் ஒன்றாக வந்து சேரும்.

எதை எடுப்பது

நேரம் துண்டு துண்டாகக் கிடைப்பவர்களுக்கு ஸ்கெட்ச்தான். பத்து நிமிடம் போதும், பையில் ஒரு பேனா போதும், சுத்தம் செய்யும் வேலை இல்லை. சயனோடைப்புக்கு அரைநாள், தண்ணீர், தாளை உலர்த்த இருட்டான இடம், வெயில் எல்லாம் ஒன்றுசேர வேண்டும். இரவில்தான் ஓய்வு என்றால் அது அடிக்கடி தள்ளிப்போகும். முந்தைய நாள் இரவே தாள்களைப் பூசிவைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும்.

தொழிலே வரைவதாக இருப்பவர்கள், ஓவியப் பள்ளியில் பயின்றவர்கள், கோட்டைப் பார்த்தாலே மதிப்பெண் போடுபவர்கள் ஆகியோர் வெயிலுக்கும் தாளுக்கும் போவது நல்லது. அங்கே காப்பாற்ற வேண்டிய பெயரோ திறமையோ இல்லை. நேர் மாறாக, ஆண்டுக்கணக்கில் படம் எடுத்து, எதைப் பார்த்தாலும் ஃபிரேம் போட்டுப் பார்க்கும் கண் உள்ளவர்கள் பென்சிலை எடுக்க வேண்டும். ஹென்றி கார்டியே பிரெஸ்ஸோன் செய்தது அதைத்தான். இளமையில் ஓவியம் பயின்றவர், பல பத்தாண்டுகள் கேமராவோடு வாழ்ந்துவிட்டு, 1970களின் தொடக்கத்தில் அதைப் பெரும்பாலும் ஒதுக்கிவைத்துவிட்டு வரைவதற்குத் திரும்பினார். புகைப்படத்தை உடனடி எதிர்வினை என்றும் வரைவதைத் தியானம் என்றும் பிரித்துச் சொன்னவர் அவர். கண்ணில் இருந்த வேகத்தை இறக்கிவைக்க அவருக்குக் கை தேவைப்பட்டது.

இரண்டிலும் அனுபவமே இல்லாதவர்களுக்கு? தாளைப் பார்க்காமல் வரைவதில் தொடங்குங்கள். தொடங்க முடியாமல் திணறுபவர்களுக்கும் அதையே சொல்வேன், ஏனென்றால் அதில் நன்றாக வரைய வழியே இல்லை. முடித்ததைப் பார்த்துத்தான் மனம் உடைகிறது என்றால், சயனோடைப்போ, ஒரு வாரம் கழித்துப் பார்க்கும் 36 படங்களோ உதவும். ஆனால் முடித்ததைப் பார்க்காமல் பெட்டியில் போட்டுவைப்பது எல்லா வழியிலும் செய்யக்கூடியதுதான். ஸ்கெட்ச் தாளைத் திருப்பிவைத்துவிட்டு அடுத்ததை எடுக்க யாரும் தடுக்கவில்லை.

எதை எடுத்தாலும் ஒரு மாதம் அதிலேயே இருங்கள். பலன் தெரிகிறதா என்பதை வந்த படங்களை வைத்துப் பார்க்க வேண்டாம். உட்கார்ந்ததற்கும் தொடங்கியதற்கும் நடுவே உள்ள நேரம் குறைகிறதா, கெட்டுப்போனதைப் பாதியில் விடாமல் முடிக்கிறீர்களா, வழக்கமான வேலைக்குத் திரும்பும்போது அங்கே ஏதாவது கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கெட்சிலிருந்து வரும் மாற்றம் முதலில் கோட்டில் தெரியும். சயனோடைப்பிலிருந்து வருவது வேறு இடத்தில், பொருள்களை எப்படி அடுக்குகிறீர்கள், எவ்வளவு வெற்றிடம் விடுகிறீர்கள் என்பதில் தெரியும். மாதம் முடிந்தும் இவற்றில் ஒன்றும் அசையவில்லை என்றால், அதே பயிற்சியைக் கூட்டிப் பார்க்க வேண்டாம். கையிலிருந்து வெயிலுக்கோ, வெயிலிலிருந்து கைக்கோ மாறிவிடுங்கள்.